தாத்தா வந்தார், தூக்கமும் வந்தது

அடியே ராட்சசி,

'இந்தியன் 2' எப்படி என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டாய். ஒற்றை வரியில் அடங்குகிற வயிற்றெரிச்சலா இது?

என் மாமியாரும் கூட வந்தார். முழங்கால் வலி என்று கோயிலுக்குக்கூடப் போகாதவர், சேனாபதித் தாத்தா என்றதும் எனக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இடைவேளைக்கு முன்பே குறட்டை. நான் எழுப்பவில்லை, அவராவது நிம்மதியாக இருக்கட்டுமே!

முதல் படத்தை 1996-ல் பார்த்தபோது நீ எப்படி அழுதாய்! மகள் கஸ்தூரி உடம்பெல்லாம் வெந்து கிடப்பாள், லஞ்சம் தரமாட்டேன் என்று கிழவர் நிற்பார், பெண் செத்துப்போவாள். பெற்ற மனசின் கோபம் அது. அதனால்தான் அவர் கத்தியை எடுத்தபோது நமக்குத் தப்பாகவே படவில்லை. பிறகு, பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்கு லஞ்சம் வாங்கிக்கொண்டு சர்டிபிகேட் கொடுத்த சொந்த மகனையும், மனைவியாக வந்த சுகன்யா அவ்வளவு கெஞ்சியும், விட்டாரா?

இப்போது அதே ஆள் தைபேயில் இருக்கிறார். யூடியூப் சேனல் நடத்தும் சித்தார்த் கூட்டம் ஹாஷ்டேக் போட்டு வரவழைக்கிறது. வந்தவர், அவரவர் வீட்டுத் திருடனை அவரவரே பிடித்துக்கொடுங்கள் என்று நேரலையில் புத்தி சொல்கிறார். தன் மகனைத் தானே கொன்றவர், இப்போது அந்தப் பாரத்தை ஊரான் வீட்டுப் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறார்.

நியாயமாகச் சொன்னால், கரு நல்ல கரு. சமுத்திரக்கனி லஞ்ச ஒழிப்புத் துறையில் இருந்துகொண்டே லஞ்சம் வாங்குகிறவர். மகன் சித்தார்த்தே காட்டிக்கொடுக்கிறான், அம்மா உயிரை விடுகிறாள், கூப்பிட்ட ஜனமே கிழவரைத் திரும்பிப் போ என்கிறது. அந்த ஒரு வீட்டை வைத்தே ஷங்கர் முழுப் படமும் எடுத்திருக்கலாம். அங்கே நம்மை உட்காரவே விடவில்லை, அடுத்த வர்மக்கலைக் கொலைக்கு அவசரம்!

வயதைத்தான் சொல்லேன். நேதாஜி படையில் இருந்தவருக்கு 2024-ல் நூறுக்கு மேல் இருக்காதா? ஒற்றைச் சக்கர வண்டியில் பறக்கிறார். சரியாக அந்த நேரத்தில் கண் விழித்த மாமியார், "என்னடி, சர்க்கஸா?" என்றார். விமரிசனம் எழுதுகிறவர்கள் தோற்றார்கள் போ.

விவேக்கும் நெடுமுடி வேணுவும் வந்தபோது மட்டும் எனக்கு என்னமோ செய்தது. இரண்டு பேரும் 2021-லேயே போய்விட்டார்கள். முதல் படத்தில் வேணு எத்தனை பொறுமையாகக் கிழவரைத் துரத்துவார்! இதில் அவருக்குச் செய்ய ஒன்றுமே இல்லை.

வசனத்துக்கு ஜெயமோகன், கபிலன் வைரமுத்து, லட்சுமி சரவணகுமார் என்று மூன்று பேர். அப்போது சுஜாதா ஒருவர். இதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ரிலீஸான பிறகு 12 நிமிடத்தை வெட்டிவிட்டார்களாம். நாங்கள் வெட்டுவதற்கு முன்னால் போய் முழுசாக மாட்டிக்கொண்ட கோஷ்டி. படம் முடிந்ததும் மூன்றாம் பாகத்துக்கு டிரெய்லர் வேறு! காஜல் அகர்வால், வெள்ளைக்காரன் காலம். மாமியார் அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். இதற்கும் போக வேண்டும் என்று நேற்றே உத்தரவு போட்டாயிற்று. நீயும் வா. டிக்கெட் உன் செலவு, பாப்கார்ன் என் செலவு.

உன்,
வாயாடி