கம்பெனியார் தேடிய சிவப்பு

சித்திரை வெயிலில் கரிசல் காட்டைப் பார்க்கப் போனவர் உண்டா? நாம் போனோம். கோவில்பட்டிக்குக் கிழக்கே, புதூரில் நமது நண்பர் ஒருவருக்குக் கொஞ்சம் புஞ்சை இருக்கிறது. பருத்தி எடுத்து ஓய்ந்த நிலம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. வேலியோரத்தில் சப்பாத்திக் கள்ளி ஒன்றுதான் பச்சையாய் நின்றது. உடம்பெல்லாம் முள்; உச்சியில் மஞ்சள் பூ.

"தண்ணீரே கேட்காது, அண்ணாச்சி! நம் மண்ணுக்கென்றே பிறந்த செடி" என்றார் நண்பர்.

நாமும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம். உண்மையில் அதன் பிறந்தகம் அமெரிக்கக் கண்டம். மெக்ஸிகோவில் கள்ளியின்மேல் வாழும் ஒரு சிறு பூச்சியை உலர்த்தி, ஸ்பானியர் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். ஒரு ராத்தலுக்குச் சுமார் 70,000 பூச்சிகள்! ஆங்கிலப் பட்டாள அதிகாரிகளின் செஞ்சட்டைக்கும் அதே சாயந்தான். ஸ்பானியரிடம் அதை விலைக்கு வாங்குவானேன் என்று கிழக்கிந்தியக் கம்பெனியார் யோசித்தார்கள். சென்னையில் டாக்டர் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் பிரேஸிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியும் வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது மட்டரகப் பூச்சி, சாயம் தேறவில்லை.

அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. மற்றொரு வகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த இரண்டாவது வகைதான் தென்னாட்டு மேய்ச்சல் நிலங்களை அடைத்துக்கொண்டது. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே குடியானவர்களுக்கு மூச்சு வந்தது. லாபக் கணக்கு லண்டனில். முள் மட்டும் நம் காலில்!

நண்பர் ஒரு பழத்தைத் தரையில் தேய்த்துச் சுணை போக்கி, பிளந்து, நடுவிலிருந்த நட்சத்திர முள்ளை எடுத்தெறிந்துவிட்டுக் கொடுத்தார். தின்றோம். நாக்கும் உதடும் சிவந்தன. கம்பெனியார் தேடிய சிவப்பு கடைசியில் கரிசல் காட்டுப் பிள்ளைகளின் நாக்குக்குத்தான் கிடைத்தது.

"கள்ளியாவது பழம் கொடுக்கிறது. அதைப் பாருங்கள்" என்று நண்பர் கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டினார். கரை முழுவதும் சீமைக் கருவேலம். அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குத்தான். விறகுக்கும் கரிக்கும் உதவுகிறது, வாஸ்தவம். ஆனால் தரிசாய் விட்ட நிலத்தையெல்லாம் அது தனதாக்கிக் கொள்கிறதே!

கம்பெனியார் நம்மைக் கேட்காமல் நட்டார்கள், அவர்கள் அந்நியர். இப்போது சர்க்கார் நம்முடையது. அடுத்த செடியைக் கப்பலேற்றிக் கொண்டுவருமுன், புதூர்க் குடியானவரை ஒரு வார்த்தை கேட்டால் என்ன?