ஐப்பசியில் செஞ்சி

புதுச்சேரியில் ஐப்பசி பிறந்துவிட்டால் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கப் போவது பழைய சுகமாக இருக்காது. அலை கருங்கற்களின் மேலேறி நடைபாதையை நனைக்கும். கடல் கலங்கிக் கிடக்கும். ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ப்பதால் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்துவிடுகிறோம். இடையில் இரண்டு நாள் மழை விட்டால் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஊர் செஞ்சி. ஏற்காடும் ஏலகிரியும் போனால் ராத் தங்க வேண்டும். செஞ்சி சுமார் 70 கிலோமீட்டர்தான். திண்டிவனம் வழியாகப் போகும் திருவண்ணாமலை பஸ்ஸில் காலையில் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

அங்கே கோடையில் போகிறவர்கள்தான் அதிகம், பள்ளி விடுமுறை அப்போதுதானே வருகிறது! சித்திரை வெயிலில் கோட்டை நிற்கும் ராஜகிரி மலையின் பாறைகளில் கை வைக்க முடியாது. பாதிப் படியோடு திரும்பிவிட்டு, "என்ன இருக்கு அங்க, வெறும் கல்லு" என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்த மலையை மழையில் பார்க்காததால் வந்த பேச்சு அது. செஞ்சி மழையைப் பிடித்து வைக்கவே கட்டிய கோட்டை என்று நான் நினைக்கிறேன்.

போன ஐப்பசியில் நண்பரும் எட்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளும் உடன் வந்தார்கள். முந்தின இரவு நல்ல மழை. செஞ்சி தாண்டியதும் திருவண்ணாமலைச் சாலை கோட்டை மதிலை அறுத்துக்கொண்டு போகிறது. வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் ராஜகிரி. சாலையோரம் சீத்தாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஆயா, பழத்தை எடுத்துக் கொடுத்தபடியே சொன்னார்: "பாற வழுக்கும் கண்ணு. செருப்ப கையில எடுத்துக்குனு ஏறு. கொரங்கு வரும், பழத்த பைக்குள்ள போட்டுக்க." இரண்டுமே உண்மையான எச்சரிக்கை. கமலக்கன்னி அம்மன் கோயிலை நெருங்குவதற்குள் குரங்குகள் எங்கள் பையைக் குறிவைத்துவிட்டன.

ஈரம் காயாத அந்தப் படிகளில் எதையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். வேலி முட்களின் மேல் செங்காந்தள் படர்ந்து, மஞ்சளும் சிவப்புமாக இதழ்களை மேல்நோக்கி வளைத்திருந்தது. மண் இளகிய இடங்களில் வெல்வெட் துணியை வெட்டி ஒட்டியதுபோல் பட்டுப்பூச்சிகள். நண்பரின் மகள் ஒன்றை உள்ளங்கையில் ஏற்றினாள். அது கால்களை மடக்கிச் செத்ததுபோல் கிடந்தது, கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு காலாக நீட்டி விரலிடுக்கில் நடந்தது. பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் தலைப்பிரட்டைகள். வெயில் நாலு நாள் தொடர்ந்து அடித்தால் அந்தக் குழி வற்றிவிடும். அதற்குள் கால் முளைத்துக் கரையேற வேண்டும் அவற்றுக்கு. எவ்வளவு நேரம் அங்கே குந்தியிருந்தோம் என்று தெரியவில்லை.

ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து ஒரு பள்ளம். அதன்மேல் சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே ஒருவரும் போக முடியாது. ஆனால் வழியை அடைத்துவிட்டால் மட்டும் கோட்டை நிற்குமா? சிவாஜி 1677இல் பிடித்த செஞ்சிக்கு அவர் மகன் ராஜாராம் 1689இல் அடைக்கலம் தேடி வந்தார். முகலாயத் தளபதி சுல்பிகார் கான் சுற்றி வளைத்தும், கோட்டை விழ 1698 ஆகிவிட்டது. அத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்தவர்கள் குடித்தது என்ன? மேல்கோட்டையில் நல்ல தண்ணீர்ச் சுனைகள் இருக்கின்றன. கீழே மழைநீர்த் தேக்கங்கள், குளங்கள். கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். சித்திரையில் இதையெல்லாம் பார்த்தால் வறண்ட தொட்டிகள்தாம். ஐப்பசியில் பாறையின் சரிவில் வழியும் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பி எந்தக் குளத்தில் இறங்குகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போகலாம். நாங்கள் அப்படித்தான் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட்டோம். வழிகாட்டி வேண்டியிருக்கவில்லை, தண்ணீரே காட்டிக்கொண்டு போனது.

புதுச்சேரிக்காரர்களுக்குச் செஞ்சியில் இன்னொரு பந்தமும் உண்டு. டூப்ளே இங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்தபோது, 1750 செப்டம்பரில், புஸ்ஸி என்ற தளபதி ஒரே இரவில் கோட்டையின் மூன்று மலைகளையும் பிடித்தார். சுல்பிகார் கானுக்கு அத்தனை ஆண்டுகள் பிடித்த வேலை அது. லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர் மாறிய பிறகும் நம் ஊர் வாயில் வரும் புஸ்ஸி வீதி அவர் பெயரில்தான். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஏப்ரலில் செஞ்சியும் போயிற்று. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள். அந்தத் தூண்களில் சாய்ந்து சுண்டல் சாப்பிடும் நம் பிள்ளைகள் அவை நின்ற மலையையும் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

உச்சியில் ரங்கநாதர் கோயில் பக்கம் நின்றால் சுற்றிலும் ஏரிகளும் சம்பா வயல்களும். இந்தச் செஞ்சி வட்டாரத்து மலைகளில் பெய்யும் மழைதான் சங்கராபரணி ஆறாகத் திரண்டு, வீடூர் அணையில் தங்கி, வில்லியனூரைத் தொட்டு, கடைசியில் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று பிரிந்து நம் ஊருக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. வழியில் கால்வாய் பிரிந்து ஊசுடு ஏரிக்கும் அந்தத் தண்ணீர்தான். எங்கள் காலடியில் பாறையை நனைத்துக்கொண்டிருந்தது நம் ஊருக்கு வர வேண்டிய தண்ணீர் என்று சொன்னதும் நண்பரின் மகள் கிழக்கே கைகாட்டி, "அப்போ நமக்கு முன்னாடி போயிடுமா?" என்று கேட்டாள். பஸ்தான் முந்தும் என்று அவள் அப்பா சொன்னதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

அதே தண்ணீர் பயமுறுத்தவும் செய்யும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சங்கராபரணி கரை புரண்டது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டில் இருந்தவர்களைப் புதைத்தது. வானிலை மையம் எச்சரிக்கை விட்ட நாட்களில் செஞ்சிப் பக்கம் போகவே கூடாது. மழை விட்டு ஒரு நாள் கழித்து, வானம் வெளுத்த காலையில் கிளம்ப வேண்டும். மாலை நெருங்கினால் மேலே ஏற விடமாட்டார்கள் என்பதால் சீக்கிரம் போவதே நல்லது.

2025 ஜூலையில் வேறு பதினொரு மராட்டியக் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் செஞ்சியும் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் உள்ள கோட்டை அதில் இது ஒன்றுதான். இனிக் கூட்டம் கூடும், கூடட்டும். கோட்டையோடு திரும்பிவிடாமல் சில கிலோமீட்டர் தள்ளி சிங்கவரத்துக்கும் போங்கள். குடைவரையில் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் திருநாதர்குன்றில் ஏறினால், ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டும் அங்கேயே இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் எழுத்துகள். ஈரப் பாறையில் சாய்வெயில் விழும்போது இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.

கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டால் திருவண்ணாமலை பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அதற்கு முன்னால், ஐப்பசிக்குள் போய் வந்துவிடுங்கள். சீத்தாப்பழமும் அப்போதுதான் கிடைக்கும்.