ஓங்கிய கையும் ஒடுங்கிய சினமும்

உடலைப் பேணுவதும் கல்வியின் ஒரு கூறே என்பதை நம்மவர் எவரும் மறுப்பதில்லை. ஆயினும் கராத்தே என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்போர் நம்மிடையே இன்னும் உளர். ஓடுகளை உடைப்பதும், உரக்கக் கூவுவதும், திரைப்படச் சண்டைக்கு ஒத்திகை பார்ப்பதுமே அது என்பது அவர்தம் எண்ணம். எங்கள் மஹல்லாவில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நடைபெறும் கராத்தே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஓரமாக அமர்ந்து பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் பெற்றோர் சிலர் நாங்கள். எங்களுள் ஆசிரியர் உண்டு; தோல் தொழிற்சாலைத் தொழிலாளர் உண்டு; துணிக்கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் உண்டு. அங்கே நாங்கள் கண்டவற்றுள் சிலவற்றை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இக்கலை பிறந்த இடம் ஜப்பானின் தென்பகுதியிலுள்ள ஒக்கினாவாத் தீவு. அங்கு வழங்கிய கைப்போர் முறையோடு சீனத்து முறைகளும் கலந்து இது உருவாயிற்று. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே இதற்குத் தந்தை என மேடைகளில் முழங்குவது நம் செவிக்கு இனிக்கத்தான் செய்கிறது. உறுதியான சான்று கிட்டும்வரை அதனை மரபுச் செய்தியாக மட்டும் கொள்வதே தமிழ் பயில்வோர்க்கு அழகாகும். முன்னர்ச் ‘சீனக் கை’ எனப் பொருள்படும்படி எழுதப்பட்ட பெயர், 1930-களில்தான் ‘வெறுங்கை’ எனப் பொருள்தரும் எழுத்துகளுக்கு மாறி நிலைபெற்றது.

ஜப்பானின் பெருநிலத்தில் இதனைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கிச்சின் ஃபுனாக்கோஷி (1868–1957). அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர், கவிதை எழுதியவர். 1922-இல் செயல்விளக்கம் அளிக்க டோக்கியோ சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். ஐம்பதைக் கடந்த அந்த வயதில், ஒக்கினாவா மாணவர் விடுதி ஒன்றில் காவல் பணியும் துப்புரவுப் பணியும் பார்த்துக்கொண்டே, அவ்விடுதியின் கூடம் ஒழிந்திருக்கும் நேரத்தில் கற்பித்தார். விளக்குமாறு பிடித்த கையே பிற்காலத்தில் பல்லாயிரவர்க்கு வழிகாட்டியது.

எங்கள் பள்ளியிலும் வகுப்புக்கு முன் தரையைப் பெருக்கித் துடைப்பவர்கள் பிள்ளைகளே. இதற்கு முறைவைப்பு இல்லை. அனைவரும் செய்தாக வேண்டும். வீட்டில் தண்ணீர்க் குவளையைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை, அங்கே ஈரத்துணியுடன் குனிந்து தேய்ப்பதைக் கண்டு தாய்மார் வியந்ததுண்டு. சிலர் வருந்தியதும் உண்டு. தரை உலர்ந்ததும் வரிசை அமைகிறது. தந்தையின் பெயரோ, வீட்டின் மாடியோ, வந்திறங்கிய வாகனமோ அவ்வரிசையைத் தீர்மானிப்பதில்லை. இடுப்பிலுள்ள பட்டையே தீர்மானிக்கிறது. பச்சைப் பட்டை அணிந்த ஆட்டோ ஓட்டுநரின் மகன் முன்னே நிற்கிறான். அண்மையில் சேர்ந்த கடை முதலாளியின் மகன் வெள்ளைப் பட்டையுடன் கடைசியில் நிற்கிறான். முன்னவன் செய்வதைப் பார்த்துப் பின்னவன் செய்ய வேண்டும். பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்கும் நமக்கு இது புதிதன்று. ஆனால் வாயிலைக் கடந்து தெருவுக்கு வந்ததும் அந்தச் சமன்மையை எவ்வளவு விரைவில் மறந்துவிடுகிறோம்!

கருப்புப் பட்டையின் முதற்படிக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர் ‘தொடக்கநிலை’ என்றே பொருள்படும். பட்டம் பெற்ற அன்றே படிப்பை மூட்டை கட்டி வைக்கும் நம் மாணவச் செல்வங்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. வகுப்பின் தொடக்கத்திலும் இறுதியிலும் குனிந்து வணங்கும் வழக்கம் கராத்தேயில் உண்டு. சுவரில் மாட்டியிருந்த முன்னோரின் படத்தை நோக்கியும் பிள்ளைகள் குனிந்தனர். ‘இறைவன் ஒருவனுக்கன்றோ குனிதல்?’ எனப் பெரியவர்கள் கேட்டனர், கேட்டதில் தவறில்லை. எங்கள் மாஸ்டர் இந்து சமயத்தவர். அவர் வாதிடவில்லை. ஜப்பானில் கடைக்காரரும் வாடிக்கையாளரும்கூட ஒருவர்க்கொருவர் குனிவது மரியாதையே அன்றி வழிபாடன்று என விளக்கினார். ‘ஆனாலும் உங்கள் மனம் உறுத்தும் ஒன்றைப் பிள்ளைகளிடம் திணிக்க மாட்டேன்’ என்று கூறிப் படத்தை அன்றே கழற்றினார். அன்றுமுதல் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று, வலக்கையை நெஞ்சில் வைத்து, எதிரிலிருப்பவரின் கண்களை நோக்கி மரியாதை செய்கின்றனர். பாங்கொலி கேட்டதும் வகுப்பை முடித்துவிடுவதும், ரமளானில் விடுமுறை அளிப்பதும் எவரும் கேளாமல் அவரே செய்தவை.

பெண் பிள்ளைகளின் நிலை அவ்வளவு எளிதில் தீரவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுவரை ஆர்வத்துடன் வந்தவர்கள் அதன்பின் ஒவ்வொருவராக நின்றுவிட்டனர். ஆடையைக் காரணம் காட்டியோர் பலர். அந்நாளில்தான், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் ஃபெர்யால் அப்துல் அஸீஸ் தலையை மூடிய ஆடையுடனேயே களமிறங்கித் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் எகிப்தியப் பெண்மணி அவரே. அவரது படத்தைக் கண்ட பாட்டியார் ஒருவர், ‘இப்படியென்றால் என் பேத்தியும் போகட்டும்’ என்றார். ஆயிரம் சொற்பொழிவு செய்யாததை அந்த ஒரு படம் செய்தது. இப்போது ஞாயிறு காலையில், பழுப்புப் பட்டை பெற்ற மாணவி ஒருத்தியே பெண் பிள்ளைகளுக்குத் தனியே கற்பிக்கிறாள்.

2022-இல் எங்கள் பள்ளி ஒரு பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. நன்கு பயின்ற பதினாறு வயது மாணவன் ஒருவன், தெருவில் கிரிக்கெட் பந்தைக் குறித்து எழுந்த தகராறில் தன்னினும் இளைய சிறுவனை உதைத்துவிட்டான். சிறுவனின் கையெலும்பு முறிந்தது. மாஸ்டர் அவனது பட்டையை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று திங்கள் விலக்கினார். பள்ளி நடந்துவந்த கிடங்கோ அம்மாணவனின் தந்தைக்கு உரியது. பட்டையைத் திருப்பித் தராவிடில் இடத்தைக் காலி செய்யுமாறு அவர் கூறினார். ‘இடம் உங்களுடையது ஹாஜியார், பட்டை என் பொறுப்பு’ என்று மாஸ்டர் விடையளித்தார். அதற்குமேல் அவர்களிடையே பேச்சில்லை.

எங்களுக்குள்ளேயே கருத்து பிளவுபட்டது. சிறுபிள்ளைச் சண்டைக்காக நூறு பிள்ளைகளின் இடத்தை இழப்பதா எனச் சிலர் வாதிட்டனர். மூவர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். அவர்களிடம் மாஸ்டர் எடுத்துக்காட்டியது அதே டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆடவர் இறுதிப் போட்டியையே. சவூதி அரேபியாவின் தாரிக் ஹாமிதி 4–1 என முன்னணியில் இருந்தார். அப்போது அவர் விட்ட உதை ஈரானின் ஸஜ்ஜாத் கன்ஜ்ஸாதாவை நினைவிழக்கச் செய்தது. வீழ்த்தியவர் வென்றிருப்பார் என்றே பார்த்தவர் நினைத்தனர். நடுவர்களோ, அடியைக் கட்டுப்படுத்தவில்லை என அவரைத் தகுதிநீக்கம் செய்து, மயங்கிக் கிடந்தவருக்குத் தங்கத்தை அளித்தனர். அத்தீர்ப்பு கடுமையானது என வாதிடுவோர் இன்றும் உளர். ஆனால் கையை ஓங்கக் கற்பவன் அதை நிறுத்தவும் கற்க வேண்டும் என்பது இக்கலையின் விதி. வலிமையை மல்லால் அளவாமல் சினத்தை அடக்கும் ஆற்றலால் அளக்கச் சொன்ன நபிமொழியையும், வெகுளாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவத்தையும் அறிந்த நமக்கு, அந்த விதி அயலானதாகத் தோன்றவில்லை.

அடுத்த இரண்டு திங்கள் பிள்ளைகள் பாலாற்றின் வறண்ட மணலில் பயின்றனர். மணலில் நின்றதால் கால்கள் உரம் பெற்றன என மாஸ்டர் நகைப்பார். கால் சுட்ட பிள்ளைகள் அவ்வளவாக நகைக்கவில்லை. பின்னர்ப் பெரியவர்கள் சிலர் முயன்று, தொடக்கப்பள்ளி ஒன்றின் முற்றத்தை மாலை நேரத்துக்குப் பெற்றுத் தந்தனர்.

விலக்கப்பட்ட மாணவன் கெடு முடிந்த மறுநாளே அங்கு வந்தான். அதற்கு முன்பே தன் தாயுடன் அச்சிறுவனின் இல்லம் சென்று வந்ததாகப் பின்னர் அறிந்தோம். வெள்ளைப் பட்டையுடன் கடைசி வரிசையில் நின்று, முதற்பாடத்திலிருந்து தொடங்கினான். எலும்பு கூடிய அச்சிறுவனும் அடுத்த ஆண்டு பள்ளியில் சேர்ந்தான். அவனுக்குக் கால் வைக்கும் முறையைக் கற்பிக்கும் பொறுப்பை மாஸ்டர் வேறு எவரிடமும் கொடுக்கவில்லை. கிடங்கு மட்டும் இன்னும் திரும்பவில்லை. எனினும் சில மாலைகளில், முற்றத்துக்கு எதிரேயுள்ள வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, அதன் உரிமையாளர் வகுப்பு முடியும்வரை நின்று பார்த்துச் செல்கிறார்.