மாத்திரையும் சாட்சியும்

பிரியமானவர்களே,

இந்த வாரம் என்னுடைய பிழை ஒன்றை உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன்.

நம் சபையின் சகோதரி ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து, ஒரு ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொன்னார். தலையில் முடி அப்பொழுதுதான் முளைத்திருந்தது. சபையார் கண்ணீரோடு ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். நானோ மகிழ்ச்சியின் மிகுதியால், "இந்த வியாதி இனி ஒருபோதும் இவர்கள் வாசலை மிதிக்காது" என்று பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்துவிட்டேன்.

எட்டு மாதங்களுக்குப்பின், தினமும் எடுக்கவேண்டிய தமாக்சிஃபென் மாத்திரையை அவர் நிறுத்திவிட்டார் என்பது என் மனைவியின் மூலம் தெரியவந்தது. விசாரிக்கச் சென்றேன். "ஐயா, வியாதி போய்விட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இன்னும் மாத்திரை போட்டால் என் சாட்சி பொய்யாகிவிடாதா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

மறுவாரம் அவரோடும் அவர் கணவரோடும் மருத்துவரிடம் சென்றேன். அங்கே கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அறுவைச் சிகிச்சை கட்டியை அகற்றிவிடுகிறது. ஆனால் அதற்கு முன்னரே சில நுண்ணிய செல்கள் பிரிந்து, எலும்பிலோ வேறு உறுப்பிலோ தங்கியிருக்கக்கூடும். எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவு சிறியவை அவை. பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பின்பு வளரலாம். வளராமலே போகவும் செய்யலாம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகையில், அந்த ஹார்மோன் செல்லில் செயல்படாதபடி தமாக்சிஃபென் தடுக்கிறது. மாத்திரை எடுக்கும் 5 ஆண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. மாத்திரை நின்ற பின்னும் அதன் பலன் சில ஆண்டுகள் தொடர்கிறது.

எல்லா வகையும் ஒன்றல்ல. ட்ரிபிள் நெகட்டிவ் எனப்படும் வகை திரும்பினால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பும். 5 ஆண்டுகளைக் கடந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். ஹார்மோன் வகையின் ஆபத்தோ ஆண்டுக்குச் சிறிதளவாக நெடுங்காலம் நீடிக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்வகை நோயுற்று 5 ஆண்டுகள் ஹார்மோன் சிகிச்சை எடுத்து, அதுவரை நோயின்றி இருந்த 62,923 பெண்களைக் கணக்கெடுத்தது. கட்டி 2 செ.மீ.க்கு மிகாமல், அக்குள் நிணநீர்க் கணுக்களில் பரவாமல் இருந்தவர்களில், அடுத்த 15 ஆண்டுகளில் வேறு உறுப்புகளில் நோய் தோன்றும் வாய்ப்பு 100-க்கு 13. ஒன்று முதல் மூன்று கணுக்களில் பரவியிருந்தால் 20. நான்கு முதல் ஒன்பது எனில் 34.

நம் சகோதரிக்கு இரண்டு கணுக்கள். மருத்துவர் ஒரு தாளில் நூறு புள்ளிகள் வைத்து, இருபதைச் சுழித்தார். "உங்களைப் போன்ற நூறு பேரில் எண்பது பேருக்கு அப்படி வராது, அம்மா. நீங்கள் எந்தப் புள்ளி என்று என்னால் சொல்ல முடியாது. இது மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்களின் கணக்கு. அவர்கள் முன்பு சிகிச்சை பெற்றவர்கள்; இப்போது சிகிச்சை இன்னும் மேம்பட்டிருக்கிறது" என்றார்.

"அப்படியானால் நான் சுகமாகவில்லையா?"

"இன்று உங்கள் உடலில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. அவ்வளவுதான் நான் உண்மையாய்ச் சொல்லக்கூடியது."

பிரியமானவர்களே, அந்த மருத்துவரின் நேர்மை பீடத்தில் நின்ற எனக்கு இல்லாமற்போயிற்று. வீடு திரும்பும்போது எசேக்கியா ராஜாவை நினைத்துக்கொண்டேன். 15 ஆண்டுகள் ஆயுசு கூட்டப்படும் என்ற வாக்குத்தத்தம் அவனுக்குக் கிடைத்துவிட்டது. அதன்பின்பும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப்போடச் செய்தான். பற்றுப்போட்டதனால் வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் ஒரு முடிவு உண்டென்பதையும் ராஜா அறிந்தே வாழ்ந்தான்.

ஆகையால் சிகிச்சை முடித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நோய் எந்த வகை, எத்தனை கணுக்கள் என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மாத்திரையால் உடற்சூடோ மூட்டுவலியோ வருத்தினால், நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று வழிகள் உண்டு. குறித்த நாளில் பரிசோதனைக்கும், ஆண்டுதோறும் மேமோகிராமுக்கும் செல்லுங்கள். புதிய கட்டி, நீங்காத எலும்புவலி, மூச்சுத்திணறல், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றை மறைக்காதீர்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரிசோதனை நாள் நெருங்கும்போது அவர்கள் தூக்கமின்றித் தவிப்பார்கள். "இன்னுமா பயம்? விசுவாசம் எங்கே?" என்று கேட்டுவிடாதீர்கள். அவர்களோடு மருத்துவமனைக்குச் சென்று உட்கார்ந்திருங்கள்.

நம் சகோதரி இப்பொழுது இரவு ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னதும் மாத்திரையை எடுத்துக்கொள்கிறார். மீண்டும் சாட்சி சொல்ல அவர் முன்வந்தால், இம்முறை நான் குறுக்கே எதையும் சேர்த்துச் சொல்லமாட்டேன்.

கர்த்தர்தாமே உங்களுக்குச் சமாதானம் அருளுவாராக. ஆமென்.