சென்சார் பொய் சொல்லவில்லை

மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற என் கட்சிக்காரர் கொண்டுவந்த பையில் பில்களோடு, காரில் இருந்து கழற்றிய பழைய ஆக்ஸிஜன் சென்சாரும் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியிருந்தார். வழக்குக்கு அதுவே முதல் சான்றுப்பொருள்.

கார் சென்னையில் பதிவான 2014 மாடல், பாரத் ஸ்டேஜ் 4, பெட்ரோல். செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. புகைப் பரிசோதனையிலும் தேறவில்லை. ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவர் வண்டி பல மடங்கு கக்கியது. புகை வரம்பை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதால் பதறிப்போய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

ஸ்கேனரில் பி0171 என்ற பழுதுக் குறியீடு வந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். சென்சாரை மாற்றினார்கள். விளக்கு மறுபடி எரிந்தது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றினார்கள். அப்போதும் எரிந்தது. “பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்” என்று கைவிரித்துவிட்டார்கள். புது வண்டி வாங்க வசதியில்லாதவரிடம் பென்ஷன் பணத்தைக் கறந்துவிட்டுச் சொல்லும் சொல்லா இது?

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு வலுவாகவே வாதாடியது. போட்டவை அசல் பாகங்கள், ஸ்கேனர் காட்டியபடிதான் வேலை செய்தோம் என்றார்கள். இரண்டும் உண்மை. ஆனால் பழுது எதுவென்று கண்டுபிடிப்பதும் காசு வாங்கிச் செய்யும் சேவைதான். அதில் கவனமின்மை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு சொல்லும் சேவைக் குறைபாடு ஆகும். இதுவே என் வாதம்.

ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர் ஒருவர் எனக்கு விளக்கினார். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் சென்சார் மிஞ்சிய ஆக்ஸிஜனைப் பார்த்து 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மாறி மாறிச் சொல்லும். இன்ஜினுக்கும் சென்சாருக்கும் நடுவே கசிவு இருந்தால், புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறும்போது இடையிடையே வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். சென்சார் அந்தக் காற்றைத்தான் பார்க்கிறது, பார்த்ததைச் சொல்கிறது. இன்ஜின் கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. அதனால் கார்பன் மோனாக்சைடு ஏறுகிறது.

நிஜமாகவே காற்று அதிகமென்றால் கார்பன் மோனாக்சைடு குறைந்திருக்க வேண்டுமே! ஸ்கேனர் தாளையும் புகைப் பரிசோதனைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே முரண்பாடு தெரிந்திருக்கும். என் கட்சிக்காரர் சொன்னார்: “ஃபியூஸ் போனா லைனைப் பார்க்காம ஃபியூஸை மட்டும் மாத்திட்டு வரமாட்டோம் சார்.”

ஆணையத்தில் விசாரணை பெரும்பாலும் நிரூபண வாக்குமூலத்தின் மேல்தான் நடக்கும். ஆகவே எழுத்துமூலம் கேள்விகள் தாக்கல் செய்தேன். கசிவுச் சோதனை செய்தீர்களா? கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃபியூயல் ட்ரிம் அளவைப் பார்த்தீர்களா? கழற்றிய சென்சாரைச் சோதித்தீர்களா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில், ‘ஸ்கேனர் காட்டியபடி’. ஜாப் கார்டில் ஒரு சோதனைகூடக் குறிக்கப்படவில்லை.

பேராசிரியரின் அறிக்கை வந்தது. புகைக்குழாய்க்குள் புகையைச் செலுத்தியபோது, அது இன்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள மானிஃபோல்டு கேஸ்கெட் வழியாகப் புகை வெளியே வந்திருக்கிறது. பழைய சென்சார் நன்றாகவே வேலை செய்தது. கேஸ்கெட் மாற்றியதும் விளக்கு அணைந்தது. வண்டி புகைப் பரிசோதனையிலும் தேறியது.

இரண்டு பாகங்களின் விலையையும் கூலியையும் வட்டியோடு திருப்பித் தர ஆணையம் உத்தரவிட்டது. மன உளைச்சலுக்குக் கேட்டதில் ஒரு பகுதியே கிடைத்தது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள், பழுதுக் குறியீட்டை அழிக்கும் முன்பே ஸ்கேனர் அறிக்கையை அச்சிட்டு வாங்குங்கள். கழற்றிய பாகத்தை விட்டுவிட்டு வராதீர்கள். புகார் கொடுக்கச் சட்டம் தரும் அவகாசம் 2 ஆண்டுகள்.