கடைக்கண்ணில் கோபம்

சீனப் பழங்கதைகளைத் தமிழாக்கும்போது சண்டைக் காட்சிகள் சுலபமாக வந்துவிடும். சண்டைக்கு முந்தைய பார்வைதான் படுத்தும். முறைத்தல், உறுத்துப் பார்த்தல், விழியை உருட்டுதல் என்று நம்மிடம் பல இருந்தும், பேனா முதலில் ஓடுவது கண் சிவத்தலுக்கு. சீனத்தில் கண் சிவந்தவன் பெரும்பாலும் பொறாமைக்காரன். பகையாளி எதிரே வந்து நின்றால்தான் அந்தச் சிவப்பு கோபமாகிறது.

பழங்கதைப் பெண் சினந்தால் ஆப்ரிகாட் கண் வட்டமாக விரியும், வில்லோ இலைப் புருவம் நட்டுக்கொள்ளும். ஆண் தாடியை ஊதி விழிப்பான். பீக்கிங் இசைநாடகத்தில் ஒட்டுத்தாடியை நடிகர் நிஜமாகவே ஊதுவார் என்பதால் இதை அப்படியே விட்டுவிடுகிறேன், அடிக்குறிப்பு போடுவதில்லை.

மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர் ருவான் ஜி பிடிக்காதவர்களுக்கு வெண்விழியை மட்டும் காட்டுவாராம். தாய் இறந்த துக்கத்துக்கு முறைப்படி வந்த ஜி ஷிக்கு வெண்விழி. மதுவும் இசைக்கருவியுமாக வந்த ஜி ஷியின் தம்பி ஜி காங்குக்குக் கருவிழி. இதில் கோபத்தைவிட ஏளனம் தூக்கல்.

என்னை நிஜமாகவே மடக்கியது கண்ணின் ஓரம். கி.மு. 206இல் நடந்த ஹொங்மென் விருந்தைச் சீமா சியென் எழுதியிருக்கிறார். தன் தலைவன் உயிருக்கு ஆபத்து என்று உள்ளே பாய்ந்த ஃபான் குவாய், விருந்தளித்த ஷியாங் யூவை விழித்துப் பார்க்கிறான். மயிர் சிலிர்த்து எழுகிறது, கண்ணின் கடை கிழிந்துவிடும் போலிருக்கிறது. கடைக்கண் என்று எழுதிப் பார்த்தேன். அம்மன் அருள் பாலிக்கவும் காதலி சாடை காட்டவும் நாம் ஒதுக்கி வைத்த இடமாயிற்றே அது! 'விழியோரம் கிழிய' என்று வைத்துத் தப்பித்தேன். சின் நாட்டு அமைச்சர் ஃபான் ஜூ தீர்த்துக்கொண்ட அற்பப் பகைக்கும் சீனத்தில் கண்விளிம்பும் கண்கடையும் சேர்ந்துதான் பெயர்.

கோபத்தைப் பெயர் சொல்லாமலே காட்டும் கண்ணும் உண்டு. சவூ அரசன் லீ, தன்னைக் குறை சொன்னவர்களைக் கொன்றான். மக்கள் வாய் மூடி, தெருவில் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். மூலத்தில் நான்கே எழுத்து, கோபம் என்ற சொல்லே கிடையாது. தமிழில் கண்ணால் பேசுகிறவர்கள் காதலர்கள். ஆனாலும் 'சினத்தோடு' என்று ஒட்டுப்போட மனம் வரவில்லை. மூன்றாண்டில் அரசனை அவர்கள் விரட்டியடித்தது அடுத்து வருகிறது. அதை மட்டும் பத்தி பிரிக்காமல் ஒட்டினாற்போல் வைத்தேன்.