கடல் இல்லாத ஊரின் துறைமுகம்

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. கிழக்குக் கடலுக்கு ஒரு ராத்திரிப் பயணம், மேற்குக் கடலுக்கு நாலு மணி நேரம். ஆனால் கடலின் காற்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வந்து, பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைத்துவிட்டுப் போகிறதே, அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் 2,000 வருடங்களுக்கு முன்னால் செங்கடலிலிருந்து யவனர்களின் கப்பல்களை முசிறிக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. ஜூலை வாக்கில் எகிப்தில் கிளம்புவார்கள். காற்று திரும்புகிற மார்கழி வரை இங்கே காத்திருப்பார்கள். கோயம்புத்தூரில் கொடியில் காயப்போட்ட லுங்கியைப் பறக்கடிக்கிற காற்றுக்கு இப்படி ஒரு பூர்வ கதை உண்டு என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. இஞ்சினியரிங் படிப்பில் இதெல்லாம் சொல்லித் தரமாட்டார்கள்.

அந்தக் கப்பல்கள் கிளம்பிய துறைமுகங்களில் ஒன்று பெரெனிகே. எகிப்தை ஆண்ட கிரேக்க அரச வம்சத்தின் இரண்டாம் தாலமி கி.மு. 275 வாக்கில் உருவாக்கி, தன் அம்மாவின் பெயரை வைத்த ஊர். போருக்குத் தேவையான யானைகளை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து இறக்குவதற்காகக் கட்டப்பட்டது. சுற்றிலும் பாலைவனம், குடிதண்ணீர் கிடைப்பதே கஷ்டம். எகிப்து ரோமாபுரியின் கைக்குப் போனபிறகு இந்திய வணிகம் சூடுபிடித்தது. 1994-லிருந்து அங்கே தோண்டியவர்கள் ஒரு கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த பெரிய தாழிக்குள் ஏழரைக் கிலோ மிளகைக் கண்டெடுத்தார்கள். தேக்கு மரமும் கிடைத்தது. 1995-ல் தமிழ் பிராமி எழுத்துள்ள ஒரு பானையோடு கிடைத்தது. ஐராவதம் மகாதேவன் அதில் கொற்றன் என்ற பெயரை வாசித்தார். அதே கரையில் வடக்கே இருக்கும் குசேர் அல்-கதீமில் கிடைத்த ஓட்டில் ‘பானை ஒறி’. உறி! பானையைத் தொங்கவிடும் கயிற்று உறி. மன்னர் பெயரும் இல்லை, தெய்வத்தின் பெயரும் இல்லை. சாமானைக் கலந்துவிடக் கூடாது என்று யாரோ கிறுக்கி வைத்த குறிப்பு. எனக்கு அந்த ஆளை உடனே பிடித்துப்போய்விட்டது.

நாங்கள் பள்ளியில் படித்ததில் யவனர் ‘வந்தார்கள்’, நம்மவர்கள் ‘வரவேற்றார்கள்’. 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர் அதை இந்திய-ரோமானிய வணிகத் தளம் என்று அழைத்ததிலிருந்து இந்தப் பார்வைக்கு வலு. ரோமானியர் வந்துதான் ஊர் உண்டானது என்கிற மாதிரி. 1989-லிருந்து 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டியபோது, யவனச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது தெளிவானது. இதற்கு எதிர்த்திசையில் வாட்ஸப் வரலாறு ஒன்று இருக்கிறது. ரோமாபுரியே நம் மிளகில்தான் நடந்தது, நம்ம இரும்பு இல்லையென்றால் அவர்களிடம் வாளே கிடையாது, இன்னபிற. எனக்கு இரண்டிலும் ஒரே அலுப்பு. இரண்டுமே கப்பலை மட்டும் பார்க்கின்றன. சரக்கைச் செய்தது யார் என்ற கேள்வியே அவற்றில் வருவதில்லை.

சரி, காகிதத்தைப் பார்ப்போம். வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகம் 1980-ல் வாங்கிய ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு, கிரேக்க மொழி. முசிறி வணிகத்துக்காக வாங்கிய கடனின் ஒப்பந்தம் ஒரு பக்கம், ‘ஹெர்மாபொல்லோன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கு மறுபக்கம். மொழிபெயர்ப்பைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே எங்கள் கிளையண்ட் அக்ரிமெண்ட். சரக்கைச் செங்கடல் கரையில் இறக்கியதும் நம்பகமான ஒட்டகக்காரனிடம் ஒப்படைக்க வேண்டும், பாலைவனத்தில் காவல் போட வேண்டும், கொப்தோஸ் கிடங்கில் முத்திரை வைக்க வேண்டும், அங்கிருந்து நைல் படகில் அலெக்சாந்திரியா வரை, அங்கே சுங்கம் நாலில் ஒரு பங்கு. எந்த இடத்தில் யார் பொறுப்பு என்பது வரிக்கு வரி எழுதப்பட்டிருக்கிறது. வரி போக அந்தக் கப்பலின் சரக்கு மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். கங்கைப் பகுதி ஜடாமாஞ்சி, யானைத் தந்தம். தந்தத்தின் உடைந்த துண்டுகளுக்குக்கூடத் தனியாக விலை போட்டிருக்கிறார்கள். கடன் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்கள் இருந்த பகுதி கிழிந்துபோய்விட்டது. கப்பலுக்கு மட்டும் பெயர் மிச்சம்.

முசிறி மிளகுக்குப் பேர்போனது. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகு ஏற்றிப்போன காட்சி அகநானூற்றின் 149-ஆம் பாட்டிலேயே இருக்கிறது. ஆனால் மிளகு மலைச் சரக்கு. கொங்கு அனுப்பியது கல். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளூஸ்’, அந்தக் கரையிலிருந்து ஏற்றுமதியானவற்றில் எல்லாவகை ஒளிபுகும் கற்களையும் சேர்க்கிறது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூர், பச்சைக்கல் என்று சொல்கிற பெரில் கிடைத்த இடம். 1819-20-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர்கூட அங்கே சுரங்கம் வெட்டிப் பார்த்தார். ரோமாபுரியின் பிளினி, நல்ல பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அபூர்வம் என்கிறார். கையோடு, இந்தியர்கள் படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் போலி பெரிலும் செய்கிறார்கள் என்று புகாரும் வைக்கிறார். நம்ம ஆட்கள்தான், சந்தேகமே இல்லை.

படியூர்க் கல்லும் மற்றக் கற்களும் மணியான இடம் கொடுமணல். பெருந்துறை வட்டம், நொய்யலின் வடகரை. பதிற்றுப்பத்தில் இரண்டு இடங்களில் கொடுமணம் என்று வருகிறது, இரண்டும் அணிகலன்களைச் சொல்லித்தான். 1985-லிருந்து கா. ராஜன் முதலானோர் அங்கே தோண்டியதில் பெரில், நீலம், படிகம், இரும்பு உருக்கிய உலைகள், எழுத்துப் பொறித்த 500-க்கும் மேற்பட்ட பானையோடுகள் கிடைத்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். போர்டு ஒன்று, கல்வட்டங்கள், சோளக்காடு, வேலமரம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர் வெகு நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏஞ்சாமி, மணி தேடி வந்தீங்களாக்கு?”

“இல்லீங்காத்தா, சும்மா பாக்கலாம்னு வந்தனுங்க.”

“பாக்கறக்கு என்ன இருக்குது, குழியெல்லாம் மூடிப்போட்டாங்க. மழ பேஞ்சா மணி தட்டுப்படும். நல்லதெல்லாம் அப்பவே ஆரோ கொண்டுட்டுப் போய்ட்டாங்க சாமி. இங்க கெடக்கறது பூராம் ஒடஞ்சதுதான்.”

அகழாய்வு அறிக்கைகளைப் படித்துவிட்டுத்தான் நான் போயிருந்தேன். அவற்றில் உள்ள பட்டியலை ஆத்தா சொன்னதை வைத்து மறுபடி படித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. பாதி தேய்த்த மணி, துளை போடும்போது விரிசல் விட்ட மணி, செதுக்கும்போது தெறித்த சில்லு, உலையில் மிஞ்சிய சிட்டக்கல். ஒரு பட்டறை ஊரை நாம் கண்டுபிடிப்பதே அது கழித்துப்போட்டதை வைத்துத்தான். சரியாக வந்த சரக்கு கணவாய் தாண்டிப் போய்விட்டது.

இது எனக்குப் புதுசில்லை. சின்ன வயதில் நான் போட்ட டி-ஷர்ட்டுகள் எல்லாம் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட். அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். தையல் கோணினது, பிரிண்ட் நகர்ந்தது, அளவு பிசகினது எல்லாம் காதர்பேட்டைக்கு வந்துவிடும். ஐரோப்பாவின் ஏதோ ஒரு கால்பந்து கிளப்பின் பெயரை ஒரு எழுத்து குறையாகப் போட்டுக்கொண்டு நான் ஏழாவது படித்தேன். அந்தக் கம்பெனி ஒரு தீபாவளிக்குப் போனஸ் தரவில்லை. ஆர்டர் கேன்சல், பையர் பணம் அனுப்பவில்லை என்றார்கள். அந்தப் பையர் எந்த ஊர் என்று அக்காவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது சரக்கின் குறை மட்டும்தான், அதை விரலால் தடவியே சொல்லிவிடுவாள். கொடுமணலில் விரிசல் விட்ட மணியை எடுத்துக் கழித்துப் போட்ட கைக்கும் அந்தத் திறமை இருந்திருக்க வேண்டும்.

கொடுமணலிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை. விவசாயத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் நொய்யலில் கட்டினார்கள். தேங்கியது திருப்பூரின் சாயத்தண்ணீர். கீழே இருந்த கிணறுகள் உப்பேறின, தென்னை காய்ந்தது, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. சட்டை ஐரோப்பாவுக்குப் போயிற்று, சாயம் ஆற்றிலேயே நின்றது. இனி வரும் காலத்தில் யாராவது அந்த அணையின் அடிமண்ணைத் தோண்டினால் திருப்பூரை அடுக்கடுக்காகப் படித்துவிடலாம், எந்த வருடம் எந்த நிறத்துக்கு மவுசு என்பது உட்பட. இதை எதிர்காலத் தொல்லியல் என்று பெருமையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கிணறுகளில் ஒன்று எங்கள் அம்மிச்சி வீட்டுக் கிணறு.

ஆனாலும் கழிவு மட்டும்தான் மிஞ்சியது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. கொடுமணலின் ஈமச்சின்னம் ஒன்றில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளத்தின் மூலக்கல் கொங்கில் கிடைப்பதில்லை, குஜராத் பக்கத்துச் சரக்கு. தங்கள் மண்ணின் கல்லைத் தேய்த்துக் கடலுக்கு அனுப்பியவர்கள், தங்கள் செத்தவர்களுக்கு வெளியூர்க் கல்லை வாங்கி வைத்திருக்கிறார்கள். உடைசல் எதுவும் வைக்கவில்லை, முழு மணிகள். இந்த ஊரைக் கூலிப் பட்டறை என்று மட்டும் நினைத்துப் பரிதாபப்படப் போன எனக்கு இந்த ஒரு குழி போதும், வாயை மூடிக்கொள்ள.

பணம் எங்கே போயிற்று என்பதற்கு வெள்ளலூரில் ஒரு பதில் இருக்கிறது. இன்றைக்குக் கோவையில் வெள்ளலூர் என்றால் மாநகராட்சிக் குப்பைக் கிடங்குதான் ஞாபகத்துக்கு வரும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் போத்தனூர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். அதே நொய்யல் கரை ஊரில் 1842-ல் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதற்குப் பிறகும் அங்கே புதையல்கள் வந்தன. தமிழகத்தில் கிடைக்கும் இந்த வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து இரண்டே வகைதான். கி.பி. 64 வாக்கில் நீரோ காசின் வெள்ளியைக் குறைத்தான். நம்மவர்கள் பழைய காசையே விரும்பினார்கள். முகத்தைப் பார்த்து வாங்கவில்லை, எடையைப் பார்த்து வாங்கினார்கள். புதைத்து வைத்தவை எல்லாம் கனமான வெள்ளி, சந்தையில் கீரை வாங்குகிற சில்லறை இல்லை. யாரோ ஒருவர் நொய்யல் கரையில் அதை மண்ணுக்குள் வைத்து, மேலே மண்ணைத் தள்ளி, அடையாளம் பார்த்துக்கொண்டு போனார். எடுக்க வரவில்லை.